பெங்களூரில் பேரம்: எங்கே பேசுவது, எதை வைத்துப் பேசுவது

கத்தரிக்காயில் ஐந்து ரூபாய் குறைக்கக் கடைக்காரரோடு மல்லுக்கு நிற்கிற அதே குடும்பம், வாடகை அக்ரிமென்டில் 'ஒவ்வொரு முறை புதுப்பிக்கும்போதும் 10 சதவீதம் உயர்வு' என்று டைப் அடித்திருப்பதைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிடும். பெங்களூரில் சம்பளத்தைத் தின்பது வாடகை, வீட்டுக் கடன், தண்ணீர், வீடு மாற்றும் செலவு ஆகியவைதான். பேச இடம் அதிகம் இருப்பதும் இவற்றில்தான். ஆனால் இங்கேதான் பலர் வாயே திறப்பதில்லை. கேட்டால் நம்மை என்ன நினைப்பார்களோ என்கிற கூச்சம்.

கூச்சம் வருவது பெரும்பாலும் வெறுங்கையோடு கேட்பதால். "கொஞ்சம் பாத்துப் போடுங்க சார்" என்றால் அவர் பார்க்க மாட்டார். "அடுத்த கிராஸ்ல இதே அளவு வீடு போன மாசம் 25,500-க்குப் போயிருக்கு" என்றால் பதில் சொல்லியாக வேண்டும். எந்தப் பேரத்துக்கும் முன்னால் மூன்று விஷயம் தெரிந்திருக்க வேண்டும்: உண்மையில் ஓடுகிற விலை, எதிரில் இருப்பவருக்கு எப்போது அவசரம், அவர் மறுத்தால் நாம் போக வேறு இடம். மூன்றில் இரண்டு இல்லையென்றால் அன்றைக்குப் பேச்சைத் தொடங்காமல் இருப்பதே நல்லது. ஒருமுறை மறுத்தவர் மறுநாள் இறங்கி வருவது அபூர்வம்.

வாடகை

ஆன்லைனில் போட்டிருக்கும் வாடகை, ஓனர் ஆசைப்படும் வாடகை. கை மாறிய வாடகை வேறு. அதைத் தெரிந்துகொள்ள அந்தத் தெருவின் இஸ்திரிக்காரர், அடுக்ககத்தின் செக்யூரிட்டி, மளிகைக் கடைக்காரர் ஆகிய மூவரிடமும் பேச்சுக் கொடுங்கள். எந்த வீடு எத்தனை நாளாகப் பூட்டிக் கிடக்கிறது, முன்பு இருந்தவர் ஏன் போனார் என்பதெல்லாம் அங்கேதான் கிடைக்கும். விளம்பரம் போட்ட தேதியையும் பாருங்கள். மூன்று வாரத்துக்கு மேல் கிடக்கிற வீட்டுக்கு ஓனர் மனதளவில் ஏற்கெனவே இறங்கி வந்திருப்பார்.

அவர் ஏன் இறங்குவார் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. 28,000 வாடகை வரும் வீடு ஒரு மாதம் காலியாக இருந்தால், ஓராண்டுக்கு மாதம் 2,333 ரூபாய் குறைத்து விட்டதற்குச் சமம். இதை ஓனரிடம் பாடமாக எடுக்க வேண்டாம். "ஒண்ணாம் தேதியே வந்துடறோம்" என்று சொன்னால் போதும், அவரே போட்டுக்கொள்வார்.

மாதம் பார்த்துப் பேசுவதும் முக்கியம். மே முதல் ஜூலை வரை பள்ளி சேர்க்கை, புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் என்று கிராக்கி உச்சத்தில் இருக்கும். அதற்கு நடுவே ஒரு ஓட்டை இருக்கிறது. கன்னடக்காரர்கள் ஆஷாடத்தில் வீடு மாற மாட்டார்கள், நாம் ஆடியில் மாற மாட்டோம். நிலவை வைத்துப் போடும் சாந்திரமானக் கணக்கில் ஆஷாடம் பெரும்பாலும் நம் ஆடிக்கு முன்பே தொடங்கிவிடும். நாட்கள் ஆண்டுக்கு ஆண்டு மாறினாலும், இரண்டும் சேர்ந்து பல வாரங்களுக்கு வீடு பார்க்க வருகிற ஆட்களைக் குறைத்துவிடும். உங்களுக்கு அந்த நம்பிக்கை இல்லையென்றால் பேரத்துக்கு அதைவிட நல்ல நேரம் கிடையாது. நம்பிக்கை உள்ளவர்களிலும், ஆனி கடைசியில் நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சிவிட்டு, சாமான்களை நிதானமாக ஆடியில் கொண்டுவருகிறவர்கள் உண்டு. மார்கழியிலும் இதே தந்திரம் செல்லும்.

பேச்சு எப்படிப் போகும் என்பதற்கு ஒரு மாதிரி:

"சார், வீடு எங்களுக்குப் பிடிச்சிருக்கு. ரெண்டு மூணு வருஷம் இருக்கிற மாதிரிதான் பாக்கிறோம். 26-ன்னா இன்னைக்கே டோக்கன் போட்டுடறேன்."

"26 எல்லாம் கட்டுப்படி ஆகாதும்மா. முன்னாடி இருந்தவங்களே 26,500 குடுத்தாங்க."

"அப்ப 27 வச்சுக்கலாம் சார். மெயின்டெனன்ஸ் அதுக்குள்ளயே இருக்கட்டும். உயர்வு அஞ்சு பர்சென்ட்."

இதில் கவனிக்க வேண்டியது இரண்டாவது வரி. 28,000 கேட்டவர் பழைய வாடகையைத் தானே சொல்லிவிட்டார். நாம் ஓர் எண்ணைச் சொல்லிவிட்டுச் சும்மா இருந்தால் இப்படித்தான் நடக்கும். மௌனம் தாங்காமல் நாமே "சரி, 27,500" என்று ஏறிவிடுவதுதான் பேரத்தில் மிக அதிகமாக நடக்கும் தவறு. அடுத்தது, ஒரே எண்ணில் இழுபறி செய்யாமல் மெயின்டெனன்ஸ், உயர்வு என்று பேச்சை விரித்திருப்பது. 'வாடகையைக் குறைக்க மாட்டேன்' என்று கௌரவத்துக்காக நிற்கிற ஓனர் இவற்றில் சாதாரணமாக விட்டுக்கொடுப்பார்.

உயர்வு சதவீதத்தை ஏன் பிடிவாதமாகப் பேச வேண்டும் என்றால், அதன் வலி முதல் ஆண்டில் தெரியாது. 28,000-இல் தொடங்கி 5 சதவீதம் ஏறினால் மூன்றாம் ஆண்டில் 30,870. 10 சதவீதம் என்றால் 33,880. மூன்று ஆண்டுக்கும் சேர்த்து வித்தியாசம் 52,920 ரூபாய். ஒப்பந்தங்கள் 11 மாதத்துக்குப் போடப்படுவதால் உயர்வு ஒவ்வொரு முறையும் ஒரு மாதம் முந்திக்கொண்டு வரும். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும் என்பதால்தான் இந்த 11 மாத வழக்கம். 'உயர்வு 12 மாதத்துக்கு ஒருமுறை' என்று தனியாக எழுதச் சொன்னால் யாரும் பெரிதாக மறுப்பதில்லை.

அட்வான்ஸுக்கு வருவோம். பெங்களூரின் பழைய கணக்கு 10 மாதம். இப்போது பல இடங்களில் ஐந்து, ஆறு மாதத்துக்கு ஒப்புக்கொள்கிறார்கள். மத்திய அரசின் 2021-ஆம் ஆண்டு மாதிரி வாடகைச் சட்டம் குடியிருப்புகளுக்கு இரண்டு மாதம் என்று வரம்பு சொல்கிறது. ஆனால் மாநிலம் அதைத் தன் சட்டமாக்கினால்தான் செல்லும். அதைக் கையில் வைத்துக்கொண்டு ஓனரிடம் வாதாடினால் வீடுதான் கைநழுவும்.

அட்வான்ஸைக் குறைப்பதில் கிடைக்கும் லாபம் பலர் நினைப்பதைவிடச் சிறியது. 2,80,000-ஐ 1,40,000 ஆக்கினால் மிஞ்சுவதை 6.5 சதவீத எஃப்.டி.யில் போட்டால் ஆண்டுக்கு 9,100, மாதத்துக்கு 758 ரூபாய். வாடகையில் ஆயிரம் குறைப்பது இதைவிட மேல். கையில் பணம் இருந்தால் பேரத்தைத் தலைகீழாகவும் போடலாம்: "ரெண்டு மாச அட்வான்ஸ் கூடத் தர்றேன், வாடகையில் 1,500 குறைச்சுக்கோங்க." கூடுதலாகக் கொடுக்கும் 56,000-க்கு நீங்கள் இழக்கும் வட்டி மாதம் 300 சொச்சம்தான்.

ஆனால் பெரிய அட்வான்ஸில் வட்டியைவிட அசல் திரும்பி வருவதுதான் பிரச்சினை. "அடுத்த ஆள் அட்வான்ஸ் குடுத்ததும் தர்றேன்" என்று சொல்கிற ஓனர் அந்தப் பணத்தை ஏற்கெனவே செலவழித்துவிட்டார் என்று அர்த்தம். முன்பு குடியிருந்தவரின் அட்வான்ஸ் எத்தனை நாளில் வந்தது என்று செக்யூரிட்டியிடமோ பக்கத்து வீட்டிலோ விசாரியுங்கள். இழுத்தடிக்கும் ஓனர் என்று தெரிந்தால் வாடகை ஐந்நூறு கூடினாலும் அட்வான்ஸைக் குறைத்துத்தான் போக வேண்டும்.

கையெழுத்துக்கு முன் பேசி எழுதி வாங்க வேண்டியவை இன்னும் சில இருக்கின்றன. காலி செய்யும்போது பெயின்டிங்குக்கு ஒரு மாத வாடகையைப் பிடிப்பது இந்த ஊர் வழக்கம். 'உண்மையான பில் தொகை அல்லது ஒரு மாத வாடகை, இரண்டில் எது குறைவோ அது' என்று மாற்றுங்கள். நீங்கள் குடிவரும்போது புதிதாகப் பெயின்ட் அடிக்கவில்லையென்றால் அந்தப் பிடித்தத்தையே எடுக்கச் சொல்லலாம். அதற்கு ஆதாரமாகச் சாவி வாங்கிய அன்றே சுவர், குழாய், கதவு, அலமாரி என்று ஒவ்வோர் அறையையும் வீடியோ எடுத்து ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். அட்வான்ஸ் எத்தனை நாளில் திரும்பும், கெய்சர், மோட்டார் பழுதானால் யார் செலவு, லாக்-இன் (காலி செய்யக் கூடாத காலம்) எத்தனை மாதம், நோட்டீஸ் ஒரு மாதமா இரண்டா என்பதெல்லாம் எழுத்தில் இருக்கட்டும். ஆண்டு வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால், அலுவலகத்தில் வீட்டு வாடகைப்படி கோர ஓனரின் பான் எண் தேவைப்படும். அதைத் தருவாரா என்று டோக்கன் கொடுப்பதற்கு முன்பே கேளுங்கள். பின்னால் கேட்டால் "அப்ப வாடகையை ஏத்தணும்" என்பார்.

ஒப்புக்கொண்டதை எல்லாம் ஒரே வாட்ஸ்அப் செய்தியாக அனுப்பி, "ஓகே" என்று பதில் வந்த பிறகுதான் டோக்கன். புரோக்கர் இருந்தால் கமிஷன் வழக்கமாக ஒரு மாத வாடகை. அவர் காட்டும் முதல் வீட்டுக்கு முன்பே பாதி மாதம் என்று பேசிக்கொள்ளுங்கள். வீடு பிடித்த பிறகு அவர் இறங்க மாட்டார்.

குடியிருக்கும் வீட்டைப் புதுப்பிக்கும் பேச்சு இதைவிட எளிது. ஓனருக்குப் புது ஆள் என்றால் பெயின்டிங், காலி நாட்கள், புரோக்கர் என்று அலைச்சல். ஒப்பந்தம் முடிய 45 நாள் இருக்கும்போதே பேசுங்கள். கடைசி வாரத்தில் பேசினால் உங்களுக்கு வேறு வீடு இல்லை என்பது அவருக்குத் தெரிந்துவிடும்.

கரன்ட், தண்ணீர்

வீடு பார்க்கும்போதே கேட்க வேண்டிய கேள்வி: "இந்த வீட்டுக்குத் தனி பெஸ்காம் மீட்டரா, சப்-மீட்டரா?" பெஸ்காம்தான் இந்த ஊருக்குக் கரன்ட் தரும் நிறுவனம். சப்-மீட்டர் என்றால் ஓனர் தன் இணைப்பிலிருந்து பிரித்து வைத்தது. தனி மீட்டர் என்றால் கர்நாடக அரசின் கிருஹ ஜோதி திட்டத்தில் வாடகைதாரரும் பதிவு செய்யலாம். 2023-இல் வந்த இந்தத் திட்டத்தில் 200 யூனிட் வரை இலவசம் என்று சொன்னாலும், ஒவ்வொரு வீட்டுக்கும் அதன் பழைய சராசரிப் பயன்பாட்டோடு கொஞ்சம் சேர்த்து ஒரு வரம்பு இருக்கும். அந்த வரம்பைத் தாண்டினால் கூடுதல் யூனிட்டுக்கு மட்டும் கட்டணம். 200-ஐத் தாண்டினால் முழு பில்லும் உங்கள் தலையில். மாநில அரசின் சேவா சிந்து இணையதளத்தில் ஆதார், வாடகை ஒப்பந்தம், பில்லில் உள்ள கணக்கு எண் ஆகியவற்றைக் கொண்டு பதியலாம். பழைய வீட்டிலிருந்து மாறுகிறவர்கள் முதலில் அந்த இணைப்பிலிருந்து ஆதாரை விடுவிக்க வேண்டும். முன்பு இருந்தவர் விடுவிக்காமல் போயிருந்தாலும் சிக்கல் வரும். இரண்டையும் ஓனரிடம் பேசி, சாவி வாங்கும் முன்பே முடித்துக்கொள்ளுங்கள். சப்-மீட்டர் வீட்டில் இந்தச் சலுகை உங்களுக்கு வராது. ஓனர் யூனிட்டுக்கு இவ்வளவு என்று ஒரு தொகை வாங்குவார். அவருடைய பெஸ்காம் பில்லைக் காட்டச் சொல்லி, அதில் உள்ள விலையில்தான் கணக்கு என்று பேசிக்கொள்ளலாம்.

தண்ணீர் டேங்கரில் விலைப் பேரத்தைவிட அளவுப் பேரம் முக்கியம். '6,000 லிட்டர்' என்று எழுதியிருக்கும் வண்டியில் அவ்வளவு இருப்பதில்லை என்பது பரவலான புகார். சரிபார்க்க ஒரு டேப்பும் நீளமான குச்சியும் போதும். சம்ப்பின், அதாவது தரைக்கடித் தொட்டியின், உள்நீளத்தையும் உள்அகலத்தையும் மீட்டரில் அளந்து பெருக்குங்கள். தண்ணீர் விடும் முன்னும் பின்னும் குச்சியை நட்டு, மட்டம் எவ்வளவு ஏறியது என்று பாருங்கள். நீளம், அகலம், ஏறிய உயரம் மூன்றையும் பெருக்கி ஆயிரத்தால் பெருக்கினால் லிட்டர். 2 மீட்டருக்கு 2 மீட்டர் சம்ப்பில் 6,000 லிட்டர் விட்டால் மட்டம் 1.5 மீட்டர் ஏற வேண்டும். 1.2 மீட்டர்தான் ஏறியது என்றால் வந்தது 4,800 லிட்டர். அளக்கும்போது வீட்டு மோட்டாரை நிறுத்தி வையுங்கள், இல்லாவிட்டால் டிரைவர் அதையே காரணமாகச் சொல்லித் தப்பித்துவிடுவார். இரண்டு முறை கண்ணெதிரே அளந்தால் மூன்றாம் முறை வண்டி நிறைந்து வரும். வராவிட்டால், வந்த லிட்டருக்கு மட்டும் பணம்.

விலைக்கு ஓர் அளவுகோல் வேண்டுமென்றால், 2024 மார்ச்சில் பெங்களூர் நகர மாவட்ட நிர்வாகம் நிர்ணயித்த கட்டணத்தை நினைவில் வையுங்கள்: 5 கிலோமீட்டருக்குள் 6,000 லிட்டருக்கு 600, 8,000-க்கு 700, 12,000-க்கு 1,000 ரூபாய். 10 கிலோமீட்டர் வரை முறையே 750, 850, 1,200. அது அந்தக் கோடைத் தட்டுப்பாட்டுக்கான ஏற்பாடு. ஆனாலும் "தூரம் எவ்வளவு, லிட்டருக்கு எவ்வளவு" என்று கேட்கிறவரிடம் டேங்கர்காரர் வாய்க்கு வந்த விலையைச் சொல்வதில்லை. தெருவில் நான்கு வீடுகள் சேர்ந்து ஒரே ஆளிடம் மாத ஒப்பந்தம் பேசினால் குறையும். அதை ஜனவரியிலேயே முடித்துவிடுங்கள். மார்ச், ஏப்ரலில் விலையைச் சொல்வது அவர்தான்.

வீடு மாற்றும் லாரி

பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ் விஷயத்தில் மிகக் குறைந்த விலைதான் மிக ஆபத்தான விலை. போனில் அடிமாட்டு விலை சொல்வார்கள். சாமான் எல்லாம் லாரியில் ஏறியதும், "பொருள் அதிகமா இருக்கு, மாடிக்குத் தனி, பேக்கிங்குக்குத் தனி" என்று தொடங்குவார்கள். பீரோ, ஃப்ரிட்ஜ் எல்லாம் உள்ளே இருக்கும்போது யாராலும் பேரம் பேச முடியாது.

அதற்கு ஒரே மருந்து, பட்டியல். கட்டில், மெத்தை, வாஷிங் மெஷின், கிரைண்டர், அட்டைப்பெட்டி எத்தனை, பூத்தொட்டி எத்தனை என்று ஒன்று விடாமல் எழுதி, வீட்டை வீடியோ காலில் காட்டி, மூன்று இடத்தில் விலை வாங்குங்கள். இரண்டு பக்கமும் எந்த மாடி, லிஃப்ட் இருக்கிறதா, லாரி வாசல் வரை வருமா அல்லது கிராஸ் முனையிலேயே நிற்குமா, எத்தனை ஆட்கள், எத்தனை அடி லாரி, கட்டில் கழற்றி மாட்டுவது சேர்த்தா என்பதெல்லாம் அதில் வர வேண்டும். ஏ.சி. கழற்றுவதைப் பெரும்பாலும் சேர்க்க மாட்டார்கள், தனியாக ஆள் பார்க்க வேண்டும். பிறகு நடுவில் இருக்கும் விலைக்காரரிடம், குறைந்த விலையைக் காட்டிப் பேசுங்கள். 'மொத்தத் தொகை இவ்வளவு, இதற்கு மேல் எதுவும் இல்லை' என்று எழுத்தில் வரட்டும். முன்பணம் ஆயிரம், இரண்டாயிரத்துக்கு மேல் வேண்டாம், மீதி சாமான் இறங்கிய பிறகுதான். மாதக் கடைசி, சனி ஞாயிறு, முகூர்த்த நாள் தவிர்த்தால் அதே வண்டியும் அதே ஆட்களும் குறைந்த விலைக்கே வருவார்கள்.

இன்டர்நெட், மொபைல்

இங்கே குறைக்கும் அதிகாரம் சாதாரண கஸ்டமர் கேர் ஊழியருக்குக் கிடையாது. "கனெக்‌ஷனை நிறுத்திடலாம்னு இருக்கேன், எப்ப வந்து ரௌட்டரை எடுத்துப்பீங்க?" என்று கேட்டால்தான் அழைப்பு வேறு பிரிவுக்குப் போகும். உங்கள் தெருவில் இன்னொரு நிறுவனத்தின் கேபிள் இருக்கிறதா என்று முன்பே பார்த்து, அவர்களின் புது வாடிக்கையாளர் விலையைச் சொல்லுங்கள். முதலில் வேகத்தைக் கூட்டித் தருவதாகச் சொல்வார்கள். 100 எம்.பி.பி.எஸ். போதும் என்கிற வீட்டுக்கு அதனால் பயன் இல்லை, விலைதான் வேண்டும் என்று நில்லுங்கள். ஆறு மாதம், ஓராண்டு முன்பணத்துக்குத் தரும் சலுகை நல்லதுதான். ஆனால் வீடு மாறினால் புது முகவரியில் அவர்களின் கேபிள் இல்லாவிட்டால் மீதியைத் தருவார்களா என்று கேட்டு மெயிலில் வாங்கிவிடுங்கள்.

மொபைலுக்கு, PORT என்ற ஆங்கிலச் சொல்லை டைப் செய்து, ஓர் இடைவெளி விட்டு, உங்கள் எண்ணைப் போட்டு 1900-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பினால் போர்ட்டிங் குறியீடு வரும். நான்கு நாள் செல்லுபடியாகும். பயன்படுத்தாவிட்டால் எண் பழைய நிறுவனத்திலேயே இருக்கும். இந்த நான்கு நாளுக்குள் சலுகையோடு அழைப்பு வந்தாலும் வரும். ஒரு நிறுவனத்தில் 90 நாள் ஆகாமல் குறியீடு கிடைக்காது.

வீட்டுக் கடன், இன்ஷூரன்ஸ்

ஒரு போன், ஒரு விண்ணப்பம். இதில் மிச்சமாகும் தொகை வருடம் முழுக்கக் காய்கறிப் பேரத்தில் கிடைக்காது. 50 லட்சம், 20 ஆண்டு கடனுக்கு 9 சதவீதத்தில் மாதத் தவணை சுமார் 44,986. 8.5 சதவீதத்தில் 43,391. மாதம் 1,595, முழுக் காலத்துக்கும் 3.8 லட்சம்.

2025 பிப்ரவரியில் 6.50-லிருந்து இறங்கத் தொடங்கிய ரெப்போ விகிதம், அதாவது வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் தரும் வட்டி, அந்த ஆண்டு டிசம்பரில் 5.25 சதவீதத்துக்கு வந்தது. உங்கள் கடன் ரெப்போவோடு இணைக்கப்பட்டதா என்று முதலில் பாருங்கள். 2019 அக்டோபருக்கு முந்தைய வங்கிக் கடன்கள் பல இன்னும் எம்.சி.எல்.ஆர். என்ற, வங்கியே தன் செலவை வைத்துப் போடும் பழைய வட்டிக் கணக்கிலேயே இருக்கின்றன, அவை மெதுவாகத்தான் இறங்கும். ஒரு கட்டணம் கட்டி மாற்றிக்கொள்ளலாம். ரெப்போ கடனாகவே இருந்தாலும், ரெப்போவுக்கு மேல் வங்கி வைக்கும் ஸ்ப்ரெட் புது வாடிக்கையாளருக்குக் குறைவாகவும் பழையவருக்குக் கூடுதலாகவும் இருப்பது சகஜம். கேட்டால்தான் குறைப்பார்கள். வேறு வங்கியின் ஆஃபர் கடிதத்தை வாங்கி, சிபில் (கடன் தகுதி) மதிப்பெண்ணோடு சேர்த்துக் கிளையில் எழுத்து மூலம் கேளுங்கள். மாறும் வட்டியிலுள்ள தனிநபர் வீட்டுக் கடனை முன்கூட்டி அடைக்க அபராதம் வாங்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. ஆகவே போய்விடுவேன் என்பது வெற்று மிரட்டல் அல்ல. புது வங்கியின் பிராசசிங் கட்டணம், சட்ட ஆய்வு, மதிப்பீடு, முத்திரைக் கட்டணம் எல்லாம் சேர்த்துப் பார்த்து, பத்தாண்டுக்கு மேல் பாக்கி இருந்தால் மட்டும் உண்மையாகவே மாறுவதைப் பற்றி யோசியுங்கள். வட்டி குறைந்ததும் வங்கி தானாகத் தவணைக் காலத்தைக் குறைத்திருக்கிறதா, தவணைத் தொகையைக் குறைத்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். இரண்டில் எது வேண்டும் என்று நீங்கள் சொல்லலாம்.

கார், பைக் இன்ஷூரன்ஸில் மூன்றாம் தரப்புப் பிரீமியம் அரசு நிர்ணயித்தது, அதில் பேசி ஆகப்போவது ஒன்றுமில்லை. சொந்தச் சேதப் பகுதிதான் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஷோரூமில் சொன்ன தொகையை அப்படியே ஒப்புக்கொள்ளாமல், அதே ஐ.டி.வி. (வண்டிக்குக் காப்பீட்டில் போடும் மதிப்பு) வைத்து ஆன்லைனில் ஒரு விலை எடுத்துக்கொண்டு போனால் ஷோரூம்காரர் அங்கேயே குறைப்பார். ஐ.டி.வி.யைக் குறைத்துப் பிரீமியம் குறைந்ததாகக் காட்டுவது பழைய வித்தை, அந்த எண்ணைத்தான் முதலில் பார்க்க வேண்டும். நோ கிளெய்ம் போனஸ் 20-இல் தொடங்கி 50 சதவீதம் வரை போகும். அது வண்டிக்கு அல்ல, உரிமையாளருக்குச் சொந்தம். பழைய வண்டியை விற்றாலும் புது வண்டிக்கு எடுத்துப் போகலாம். பாலிசி முடிந்து 90 நாளுக்குள் புதுப்பிக்காவிட்டால் போய்விடும்.

மார்க்கெட், ஆட்டோ, சிலிண்டர்

காய்கறிக்கு அளவுகோல் ஹாப்காம்ஸ் (தோட்டக்கலை விவசாயிகளின் கூட்டுறவு) கடை வாசலில் எழுதிப் போடும் அன்றைய விலைப் பலகை. அதைப் பார்த்துவிட்டு கே.ஆர். மார்க்கெட்டுக்கோ மடிவாளாவுக்கோ போனால் எந்தக் காய்க்குப் பேச வேண்டும், எதை விட்டுவிடலாம் என்று தெரிந்துவிடும். கால் கிலோ வாங்கும்போது பேரம் பேசுவது இருவருக்கும் நேர விரயம். வெங்காயம், உருளை போன்று தங்குகிற சரக்கை ஐந்து கிலோவாக எடுக்கும்போது பேசலாம். விலையில் இறங்காதவர் கொசுறில் இறங்குவார், கறிவேப்பிலை, கொத்தமல்லி, இரண்டு எலுமிச்சம்பழம் என்று. "ஸ்வல்ப கம்மி மாட்கொளி அண்ணா" என்று கன்னடத்தில் தொடங்கினால் முகமே மாறும். பாதிக் கடைக்காரர்கள் தமிழில்தான் பதில் சொல்வார்கள், அது வேறு விஷயம். வரமகாலட்சுமி விரதம், ஆயுத பூஜை என்றால் பூவை முந்தின நாள் வாங்காதீர்கள். கெட்டியான கனகாம்பரம், செவ்வந்தி போன்றவற்றை இரண்டு நாள் முன்பே வாங்கி, ஈரத் துணியில் சுற்றி ஃப்ரிட்ஜில் வைத்தால் தாங்கும்.

ஆட்டோவில் பேரத்தை நாம் தொடங்க வேண்டியதில்லை, மீட்டர் கட்டணம் மனக்கணக்கில் இருந்தால் போதும். 2025 ஆகஸ்ட் முதல் தேதியிலிருந்து முதல் 2 கிலோமீட்டருக்கு 36 ரூபாய், அதன் பிறகு கிலோமீட்டருக்கு 18. இரவு 10 முதல் காலை 5 வரை ஒன்றரை மடங்கு. அல்சூரிலிருந்து 7 கிலோமீட்டர் தூரத்துக்கு 126 ரூபாய். "இருநூறு" என்பவரிடம் "மீட்டருக்கு மேல இருபது" என்று சொன்னால் மழை இல்லாத நாளில் வருவார்.

சிலிண்டர் போடுகிறவர் பில்லுக்கு மேல் கேட்டால் கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை, வீட்டுக்குக் கொண்டுவரும் கட்டணம் பில்லிலேயே இருக்கிறது. மூன்றாவது மாடி வரை தூக்கி வருகிறவருக்கு மனமிருந்து கொடுப்பது வேறு. அவரிடம் எடை போட்டுக் காட்டச் சொல்லுங்கள். உள்ளே 14.2 கிலோ எரிவாயு இருக்க வேண்டும். காலி சிலிண்டரின் எடை கைப்பிடி அருகே பொறித்திருக்கும், இரண்டையும் கூட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். குளிர்பானத்துக்குக் 'கூலிங் சார்ஜ்' என்று எம்.ஆர்.பி.க்கு மேல் வாங்கினால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம்.

வீட்டு வேலைக்கு வருகிற அக்காவிடம் சம்பளத்தில் ஐந்நூறு குறைப்பது பேரமே அல்ல. இரண்டு மாதத்தில் அவர் வேறு வீட்டுக்குப் போய்விடுவார், நீங்கள் மறுபடி ஆள் தேடுவீர்கள். அங்கே பேச வேண்டியது எந்தெந்த வேலை, மாதம் எத்தனை நாள் விடுப்பு, விருந்தாளி வந்தால் கூடுதலாக எவ்வளவு என்பதைத்தான். பிளம்பர், எலக்ட்ரீஷியனிடமும் கூலியைவிடப் பொருள் விலையைக் கவனியுங்கள். குழாய், வால்வு, சுவிட்ச் எல்லாவற்றையும் அவர் சொல்லும் அளவை எழுதி வாங்கி, நீங்களே ஹார்டுவேர் கடைக்குப் போய் வாங்குங்கள்.

மருந்துக் கடையில் தொடர்ந்து வாங்குகிறவருக்கு 10 சதவீதம் குறைப்பது சாதாரணம், கேட்காதவருக்குத் தர மாட்டார்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம் என்று மாதாமாதம் வாங்கும் மாத்திரைகளுக்கு, டாக்டரிடமே "இதே மூலப்பொருள்ல ஜெனரிக் எடுத்துக்கலாமா சார்?" என்று கேட்டு, சீட்டில் மூலப்பொருளின் பெயரை எழுதி வாங்குங்கள். பிறகு பக்கத்தில் உள்ள மக்கள் மருந்தகத்தில், அதாவது ஜன் ஔஷதி கடையில், அதே பெயர், அதே மில்லிகிராம் இருக்கிறதா என்று பாருங்கள். விலை பிராண்டு மாத்திரையில் பாதிக்கும் கீழே இருக்கும். எல்லா மருந்தும் எல்லா நாளும் இருக்காது. தீர ஒரு வாரம் இருக்கும்போதே போய்க் கேட்டு, இல்லையென்றால் வரவழைக்கச் சொல்லிவிட்டு வாருங்கள்.